கடைசி வாங்கு

நூறடி நீளக் கொட்டகை. மேலே தகரம்.
குறுக்கே இரண்டு பலகைத் தட்டிகள்,
என் தோளளவு எழும்பிக் களைத்து நின்றுவிட்டவை.
இந்தப் பக்கம் ஏழு பி, தமிழ்.
அந்தப் பக்கம் இம்மானுவேல் சேரின் பின்னங்கள்.
அதற்கும் அப்பால் ஆறாம் வகுப்பு
லீவில் நிற்கும் ரீச்சருக்காகக் காத்திருக்கிறது.
பிள்ளைகள் எப்படிக் காத்திருப்பார்கள் என்று
உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, சொல்வதெழுதல்.
நான் சொன்னது வகுப்பறை.
பதினொரு கொப்பிகளில் வகுப்பரை.
சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றிவிட்டுத்
தட்டியைப் பார்த்தேன்.
அரைதான்.
பிழை போடக் கை வரவில்லை.

டிலானியின் கட்டுரையில்
மாரி மழை ஐந்தில் மூன்று பெய்திருந்தது.
அந்த ஐந்தும் மூன்றும் என்னுடையவை அல்ல.
அவளுடையவையும் அல்ல.

ஒருநாள் யதுசாவை முன்னுக்கு நிறுத்தி
வாசிக்கச் சொல்லிவிட்டுக்
கடைசி வாங்கில் போய் இருந்தேன்.
கோண்டாவில் தாண்டி ரயில் போனது.
வாசலில் பாண் ஓட்டோ
தன் ஒரே மெட்டை மூன்று முறை வாசித்தது.
விசிறியின் ஒரு இதழ் கூட்டில் உரசியது.
இவை எல்லாவற்றுக்கும் கீழே
எட்டில் ஒன்றைக் காலில் ஒன்றால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
யதுசாவின் வாய் அசைந்தது.
கடற்கரையில் காற்று, என்று இருந்தது புத்தகத்தில்.
என்னிடம் வந்தது:
அ அ அ ஐ இ. ஆ உ.

மெய்யெல்லாம் வழியில் விழுந்துவிட்டது.
உயிர் மட்டும் வந்து சேர்ந்தது.
உயிர் தனித்து இயங்கும் என்று
இருபது வருடமாக நான்தான் படிப்பிக்கிறேன்.
இயங்குகிறதுதான்.
எதைச் சொல்ல வந்தது என்று அதற்கே தெரியவில்லை.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அந்த வரியை இதற்கு மேல் நீட்டமாட்டேன்.

வலயப் பணிமனைக்கு எழுதினோம்.
பதிலில் சத்தம் என்ற சொல் இல்லை.
மாணவர் கவனக்குறைவு இரண்டு இடத்தில் இருந்தது.
இம்மானுவேல் சேர் கடிதத்தை மடித்து
ஆடுகிற மேசைக்காலின் கீழ் வைத்தார்.
ஒரு சத்தம் குறைந்தது.

பிறகு ஐப்பசி.
முதல் மழை தகரத்தில் இறங்கிய நொடியில்
தமிழ், பின்னம், வராத ரீச்சர்
மூன்றும் ஒன்றாய்த் தோற்றன.
என் குரல் பல்லைத் தாண்டவில்லை.
தாண்டாது என்று தெரிந்தும்
பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனேன்,
முப்பத்தெட்டு முகங்களும்
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்க.

மூலையில் ஒரு கொப்பி உயர்ந்தது.
தர்மிகன்.
இடது காது மூன்று வயதில் சீழ் பிடித்துப் போனது.
வலது காது தட்டிப் பக்கம்.
போன தவணை அறிக்கையில்
கவனமில்லாதவன் என்று எழுதிய கை
இதோ, வெண்கட்டி பிடித்திருக்கிறது.

உயர்ந்த தாளில் பெரிய எழுத்தில்
நான் அப்போது சொன்ன வசனம்.
பாலையில் காற்று அடித்தது.
நான் சொன்னது மாலை.
உதட்டுக்குப் பானாவும் மானாவும் ஒன்று,
எனக்கு அதுவரை தெரியாது.
மற்றபடி ஒரு புள்ளி தவறவில்லை.
அருகில் இருந்தவன் அதைப் பார்த்து எழுதினான்.
அவனைப் பார்த்து அடுத்த வாங்கு.
அன்றைய பாடம் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தது.
கேட்கிற காதுகள் எல்லாம்
அவன் பக்கம் திரும்பிக் குந்தியிருந்தன.
அவன் மட்டும் என்னைப் பார்த்தபடி,
அடுத்த வசனத்துக்கு.

மழை விட்டது.
எட்டில் ஒன்று திரும்பி வந்தது.
பலகையில் எழுதியபடியே சொன்னேன்,
தர்மிகன், முன்னுக்கு வந்து இரும்.
அவன் அசையவில்லை.

வெண்கட்டியை வைத்தேன்.
திரும்பி நின்று
இன்னொருமுறை சொன்னேன்.